எட்டாத விலா

"என் வீட்டுக்காரர் ஒட்டினது எதுவும் பார்க்கச் சகிக்காது மேடம். ஆனா விட்டுப் போகாது. அதை நீங்க நிரூபிக்கணும்."

வாத்தியாரின் மனைவி இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சட்டையில் மடிப்பு கலையவில்லை. மூக்குக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை கிடையாது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவளைக் காவல் நிலையங்களில் சல்லடை என்பார்கள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களைச் சலித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஜன்னலோரம் நின்ற ஒல்லி ஆள் அவளுடைய உதவியாளன். ஆட்களைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரன். அதனால் வால். வாய் அதைவிட நீளம்.

"விட்டுப் போகாதுன்னா?" என்றாள் சல்லடை.

"போன வருஷம் என் செருப்பு வார் அறுந்துச்சு. ஒட்டிக் குடுத்தார். செருப்பு தரையோட சேர்ந்து ஒட்டிக்கிச்சு. இன்னும் அங்கேயேதான் இருக்கு. சுத்திப் பெருக்கறேன்."

"நல்லது. திருட்டுப் போகாது" என்றான் வால்.

அண்ணன் மெல்லச் சிரித்தார். "தங்கச்சி பாசத்துல பேசறா மேடம். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆணி அடிக்கச் சொன்னா சுவர் விழும். அந்த மாதிரி நல்லவர்."

விஷயம் இதுதான். வாத்தியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். மற்ற நேரமெல்லாம் மாதிரி விமானம் கட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மாதிரி விமானச் சங்கத்தின் கண்காட்சி. முந்தின நாளே விமானம் சங்கக் கொட்டகைக்குப் போய்விட்டது. அவருடைய விமானம் ஆள் கை விரித்த அகலம். நன்றாகத்தான் ஏறியது. திரும்பும்போது இடது இறக்கை கழன்றது. மிச்சம் மைதானக் காவலாளியின் தலையில் விழுந்தது. அவர் மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று வழக்கு. இன்று மாலை இன்ஸ்பெக்டர் வாத்தியார் வீட்டுக்கு வாக்குமூலத்துடன் வருகிறார்.

"அவர் கையெழுத்துப் போடப் போறார்" என்றாள் மனைவி. "'என் ஒட்டுதான் விட்டிருக்கும், வேற எப்படி விழும்'கறார். யார் திட்டினாலும் தலையாட்டற ஜென்மம். போட்டா வேலையும் போகும், ஆளும் உள்ள போவார்."

"அதான் இவளை நானே கூட்டிட்டு வந்தேன்" என்றார் அண்ணன். "விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்து, ஒட்டு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டா, இவளுக்கும் மனசு ஆறும்."

"ஒட்டு சரியா இருந்தா?"

"இருக்காது" என்றார் அண்ணன்.

வாத்தியார் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு மேசை பிடித்திருந்தது. மேசைமேல் பசை சொட்டிச் சொட்டிக் காய்ந்திருந்தது. வாத்தியாரின் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் உரிந்திருந்தது. வால் ஒரு நாற்காலியை இழுத்தான்.

"அது வேண்டாம் தம்பி" என்றாள் மனைவி. "இன்னும் காயல."

வால் நின்றுகொண்டான்.

"என் தப்புதான் மேடம்" என்றார் வாத்தியார்.

"நான் இன்னும் எதுவும் கேக்கல."

"பரவாயில்ல. முதல்லயே சொல்லிடறேன்."

பொய் சொல்பவர்களோடு சல்லடைக்குப் பழக்கம் உண்டு. கேட்கும் முன்னே ஒப்புக்கொள்கிறவர்கள்தான் நேரத்தை வீணாக்குவார்கள். அவள் மேசையை ஒரு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது.

"பசையை எப்படிப் போடுவீங்க?"

"பாட்டிலை அமுக்குவேன்."

"எட்டாத இடத்துல?"

வாத்தியார் யோசித்தார். "இன்னும் கொஞ்சம் அமுக்குவேன். அதுவா ஓடிப் போய்ச் சேர்ந்துக்கும்."

"எங்கயாவது போய்ச் சேராம இருந்துச்சா?"

"ஒரே ஒரு விலா."

ஒரு தாளை எடுத்துக் கோணலாக வரைந்து காட்டினார். இறக்கையின் நீளத்துக்கு நடுக்கட்டை ஒன்று. அதற்குக் குறுக்கே வரிசையாக மெல்லிய விலாக்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை. இடது இறக்கையில் நடுக்கட்டை இரண்டு துண்டாக வந்து சேரும் இடம். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு விலா.

"அது வரைக்கும் வந்தப்ப பாட்டில் தீர்ந்துபோச்சு. சரி, பறக்கறதுக்கு அந்த விலா வேணும்னு இல்ல. அப்படியே உறை போட்டுட்டேன். அது பாட்டுக்கு உள்ள ஆடிட்டு கிடக்கும்."

"கிடக்குமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மின்விசிறி போட்டா கடகட. கதவைச் சாத்தினா கடகட. இந்தக் கூடத்துல எங்க ரெண்டு பேரை விட அதுதான் அதிகம் பேசிச்சு."

"இறக்கைக்கு அடியில மோட்டாருக்குத் திருகு போட்டு ஒரு மூடி வைப்பாங்களே. அதைத் திறந்து ஒட்டியிருக்கலாமே?"

வாத்தியார் தலையைக் குனிந்தார். "மூடியும் ஒட்டிக்கிச்சு."

"சார்" என்றான் வால், "உங்களுக்கு எதிரிங்க யாராவது உண்டா? பசையைத் தவிர?"

"என்னைப் பார்த்தா எல்லாருக்கும் சிரிப்புதான் வரும். கோபம் வராது." சற்று நிறுத்தி, ஒரு குற்றத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். "ஆனா என் விமானம் பறக்கும்."

"மத்தவங்களோடது?"

"அழகா இருக்கும். எங்க மச்சானும் சங்கத்துல இருக்கார். அவரோடது ரொம்ப அழகு. கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கார். ஒரு தடவை பறக்க விட்டார்."

"என்ன ஆச்சு?"

"அதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

சங்கத்தின் கொட்டகை மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. சுவரில் சங்கத் தலைவரின் படம், செயலாளரின் படம், அவர்கள் கோப்பை வாங்கும் படம். நரைத்த ஆண்கள் பொம்மையைப் பிடித்துக்கொண்டு போர் முனையிலிருந்து திரும்பியவர்கள்போல் நின்றார்கள். கூரையிலிருந்து விமானங்கள் தொங்கின. கீழே நீள மேசையில், போலீஸ் ஒட்டிய சீட்டோடு, வாத்தியாரின் விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வெயிலில் வந்த எரிச்சலில் இருந்தார். "எனக்குச் சாயந்தரம் கையெழுத்து வேணும் மேடம். அந்தாள் கண் திறக்கல. திறக்காமலே போயிட்டா கேஸ் வேற பிரிவுக்குப் போயிடும்."

தலைவர் ஒரு பல் டாக்டர். கொட்டகைச் சாவி அவருடையது. உள்ளே நுழைந்ததும் உடைந்த இறக்கையின் வாயில் டார்ச் அடித்தார்.

"பாருங்க. இது ஒட்டா? ஜலதோஷம் பிடிச்சவன் தும்மின மாதிரி. இந்தாளைச் சேர்த்துக்க வேண்டாம்னு அப்பவே சொன்னேன். சங்கத்துக்கே அவமானம்."

"காவலாளிக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்" என்றான் வால்.

கண்ணாடிக் கடைக்கார அண்ணன் கதவருகே நின்றார்.

சல்லடை இடது இறக்கையைத் தூக்கினாள். மெல்ல ஆட்டினாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி ஆட்டினாள். சத்தம் இல்லை. வால் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் டாக்டரிடம் கையை நீட்டினாள்.

"உங்க குட்டிக் கண்ணாடி குடுங்க. வாய்க்குள்ள விட்டுப் பார்ப்பீங்களே, அது."

அதை உள்ளே விட்டு டார்ச்சைச் சாய்த்தாள். எங்கும் பசை, மெழுகுவத்தி உருகி வழிந்ததுபோல். நடுக்கட்டை பிரிந்த இடத்தில் மட்டும் பசை வெளுத்து, மாவு பூத்ததுபோல் ஒரு படலம். கண்ணாடியை இன்னும் திருப்பினாள். அந்த விலா தெரிந்தது. ஆடவில்லை. அதன் காலில் ஒரு கோடு மாதிரி பசை, தலைமுடி அகலம், ஓரம் வழியாமல், குமிழ் இல்லாமல். அந்தக் கோடு வெள்ளைப் படலத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

இறக்கையை மேசையில் வைத்தாள். மூடியை விரலால் நெம்பிப் பார்த்தாள். கல்.

"எல்லாரும் ஒரு தடவை பாருங்க."

டாக்டர் பார்த்துச் "சீ" என்றார். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். வால் பார்த்தான். "குகை. உள்ள தவம் பண்ண ஆள்தான் இல்ல."

"நீங்க?" என்றாள் சல்லடை.

"எனக்கெதுக்கு மேடம்? மாப்பிள்ளை வேலை எனக்குத் தெரியாததா?" அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

சல்லடை கூரையிலிருந்து ஒரு விமானத்தை எட்டித் திருப்பினாள். இறக்கையில் குட்டிக் குட்டி வட்டங்கள், வேறு நிறத்தில்.

"இது யாரோடது? இந்தப் புள்ளி என்ன?"

"என்னோடது" என்றார் டாக்டர் பெருமையாக. "எட்டாத இடம்னா மேல இருந்து ஒரு துளை போட்டுடுவேன். பசையை விட்டுட்டு அடைச்சிடுவேன். தொழில் பழக்கம்."

வெளியே வந்ததும் வால் ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

"டாக்டர்தான் மேடம். சாவி அவர்கிட்ட. கண்ணாடி அவர்கிட்ட. வளைஞ்ச ஊசி வேற வச்சிருப்பார். முகத்தைப் பார்த்தாலே வாயைத் திறன்னு சொல்ற முகம்."

"அந்தாளுக்கு எட்டாத இடம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. எட்டலன்னா துளை போடுவான். வாத்தியார் இறக்கையில எங்கயாவது புதுத் துளை பார்த்தியா?"

"இல்ல. ஆனா எதுக்குத் துளை? யார் என்ன பண்ணினாங்க?"

சல்லடை மைதானத்துச் சுவர் நிழலில் நின்றாள்.

"வாத்தியார் இறக்கையில ஒரே ஒரு நல்ல ஒட்டு இருக்கு. அதுதான் குற்றவாளி."

"சொல்லுங்க. எனக்கு மூளை மட்டம்."

"அந்த விலா ஒட்டாம ஆடிட்டு இருந்துச்சு. இப்ப ஆடல. யாரோ ஒட்டியிருக்காங்க. வாத்தியார் இல்ல, அவர் ஒட்டியிருந்தா விலாவே பசைக்குள்ள முங்கியிருக்கும். சரி, ஒட்டினவன் எதுக்கு உள்ள வந்தான்? நடுக்கட்டையில வெள்ளையா இருக்கே, அது பசையை இளக்கினா வர்ற வெளுப்பு. நல்ல பசை, வெளுப்புக்கு மேல உட்கார்ந்திருக்கு. முதல்ல இளக்கியிருக்கான். அப்புறம் ஒட்டியிருக்கான்."

"இறக்கையைக் கழட்ட வந்தவன் எதுக்கு விலாவை ஒட்டணும்?"

"பார்த்துட்டான். பார்த்த பிறகு விட முடியல."

வால் சுவரில் சாய்ந்தான். "வீட்டைக் கொளுத்த வந்தவன், கூரை ஒழுகற இடத்தை அடைச்சுட்டுக் கொளுத்தின மாதிரி. அவ்வளவு நல்லவனா?"

"நல்லவன் இல்ல. திமிர். அடுத்தவன் வேலை மட்டம்னு நெனைக்கறவனுக்கு அந்த மட்டத்தைப் பார்த்துட்டு சும்மா வர முடியாது. ஒரு சொட்டாவது திருத்திட்டுத்தான் வருவான்." அவள் நடக்கத் தொடங்கினாள். "நாம உள்ள பார்த்தப்ப ஒருத்தர் மட்டும் எட்டிப் பார்க்கல. ஊர்ல ஒருத்தன் ஒட்டையும் விடாம குறை சொல்ற மனுஷன். நீ கண்ணாடிக் கடைக்குப் போ."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"அதான் போகச் சொல்றேன்."

வால் திரும்பி வந்தபோது அவன் மூக்கில் கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி இருந்தது.

"முகத்துக்கு எடுப்பா இருக்குன்னு அவரே சொன்னார். அதுக்கு முன்னாடி என் மூக்கு எப்படி இருந்திருக்கணும்னு ஒரு பாடம் நடத்தினார்."

"விஷயத்துக்கு வா."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள விமானம். அழகுன்னா அழகு. பிணத்துக்கு அலங்காரம் பண்ணின மாதிரி. நான் வேணும்னே ஒரு பழைய பிரேமை உடைச்சு எடுத்துட்டுப் போனேன். ஒட்டிக் குடுத்தார். காது குடையற பஞ்சுக் குச்சி இருக்குல்ல, அதோட பிளாஸ்டிக் தண்டு. பஞ்சைப் பிச்சுட்டு மெழுகுவத்தி நெருப்புல காட்டி ரெண்டு கையால இழுத்தார். நூல் மாதிரி ஆயிடுச்சு, நடுவுல ஓட்டையோட. அதை அசிட்டோன்ல முக்கினார். அது தானா உறிஞ்சுக்குது. உடைஞ்ச இடத்துல தொட்டார். ஒரு சொட்டு. சொட்டுகூட இல்ல மேடம், ஒரு மூச்சு."

"அசிட்டோன் பிரேம் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும். வாத்தியாரோட பசையையும் இளக்கும்."

"அப்ப பிடிச்சிடலாம்!"

"எதை வச்சு? பஞ்சுக் குச்சி எல்லார் வீட்லயும் இருக்கு. அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கற பாட்டில்ல இருக்கு. கொட்டகையில எல்லா உறுப்பினரும் போய் வர்றாங்க. ஆதாரம் கிடையாது."

"அப்புறம்?"

"அவர் வாய் இருக்கு" என்றாள் சல்லடை.

மாலையில் வாத்தியார் வீட்டு மேசைமேல் வாக்குமூலம் விரித்திருந்தது. பேனா திறந்திருந்தது. வாத்தியார் ஏற்கனவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் சுவரோரம், கைகளைக் கட்டிக்கொண்டு. சல்லடை, இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு கொட்டகையிலிருந்து கொண்டுவந்த இடது இறக்கையை மேசையில் வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர், ஒரு நிமிஷம். என்னை ஒட்டைப் பத்தி எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. எழுதிடறேன். வாத்தியார் மாதிரி கைத்திறமை நான் பார்த்ததில்ல."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். தன் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்களோ என்று திரும்பியும் பார்த்தார்.

"என்ன மேடம் விளையாட்டா?" என்றார் அண்ணன்.

"விளையாட்டு இல்ல. மேலோட்டமாப் பார்த்தா அசிங்கம். ஆனா நடுக்கட்டைக்குப் பின்னாடி ஒரு விலா இருக்கு. யாராலயும் எட்ட முடியாத இடம். அங்க ஒரு ஒட்டு போட்டிருக்கார் பாருங்க. முடி அகலம். வழியல, குமிழி இல்ல. மகான் கை. டாக்டர் என்ன, இந்தச் சங்கத்துல ஒருத்தராலயும் இப்படி ஒட்ட முடியாது. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கற விமானமெல்லாம் இதுக்குப் பக்கத்துல வரக் கூடாது."

"மேடம், நான் வந்து—" என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"தன்னடக்கம்" என்றான் வால். "பெரிய கலைஞர்கள் எல்லாரும் இப்படித்தான்."

"அவனா?" என்றார் அண்ணன்.

சுவரை விட்டு மேசைப் பக்கம் வந்தார்.

"அவனா ஒட்டினான்? ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவனுக்கு அந்தக் கை வராது. பாட்டிலைக் கவுத்துப் பிடிக்கறவன். அந்த விலா ஒட்டாம இருந்தது தெரிஞ்சும் உறை போட்டவன். வெட்கமா இல்ல? குழாயை இழுத்து, நுனியை வெட்டி, வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சு, நிழலைப் பார்த்து உள்ள விடணும். சொட்டு நுனியிலயே நிக்கணும், வழியில எங்கயும் தொடாம. அந்தத் திருகுத் துளையில மூச்சு விட்டாலே குழாய் ஆடும்."

"எந்தத் திருகுத் துளை?" என்றாள் சல்லடை.

"மூடியோடதுதான். மூடிதான் ஒட்டிக்கிட்டிருக்கே. வேற எது வழியா—"

நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் தேடிப் பிடித்து மூடினார்.

அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குரல் பழையபடி ஆனது. "ஆமா. நான்தான் ஒட்டினேன். அதுல என்ன தப்பு? போன மாசம் இங்க வந்தப்ப ஒட்டினேன். சத்தம் தாங்கல. தங்கச்சி வீடாச்சேன்னு ஒரு உதவி. விலாவை ஒட்டினா இறக்கை விழுமா இன்ஸ்பெக்டர்?"

"உங்க ஒட்டு, இளக்கின வெளுப்புக்கு மேல இருக்கு" என்றாள் சல்லடை.

"அந்த வெளுப்பு இவன் பசையில எப்பவும் இருக்கும். மட்டமான பசை."

இன்ஸ்பெக்டர் சல்லடையைப் பார்த்தார். "மேடம், வெளுப்பு, கோடு, இதெல்லாம் கோர்ட்டுல பேசாது. எனக்கு ஒரு ஆள் பேசணும்."

"ஆள் இருக்காங்க." சல்லடை மனைவி பக்கம் திரும்பினாள். "கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில விமானத்தை இங்கிருந்து கொட்டகைக்குக் கொண்டு போனீங்க. அப்ப சத்தம் கேட்டுச்சா?"

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பாப்பா" என்றார் அண்ணன். "யோசிச்சுச் சொல்லு."

"கேக்கலன்னா?" என்றாள் அவள்.

"உங்க அண்ணன் சொல்றது சரி. போன மாசமே ஒட்டியாச்சு. இவர் கையெழுத்துப் போடலாம்" என்றாள் சல்லடை.

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் தன் விரலில் உரிந்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அதுவே ஆத்திரமாக இருந்திருக்க வேண்டும்.

"இந்தப் பொம்மையை எனக்குப் பிடிக்காது அண்ணா" என்றாள். "இந்த மேசையைப் பிடிக்காது. இவர் எது செஞ்சாலும் நீ ஒரு வார்த்தை சொல்லுவே, நானும் சிரிப்பேன். நீ செய்யறது எல்லாம் சுத்தமா இருக்கும். சின்ன வயசுல இருந்து எனக்கு அதுல பெருமை."

"தெரியும்மா."

"அன்னைக்குக் காலையில இவரால தனியா தூக்க முடியல. இடது பக்கம் நான்தான் பிடிச்சேன். வாசல்படி இறங்கற வரைக்கும் என் காது கிட்டயே கடகடன்னுச்சு. இந்தச் சனியன் திரும்பி வரக் கூடாதுன்னு சொல்லித்தான் வண்டியில ஏத்தினேன்."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கையைப் பார்த்தார். அவருக்கு வந்தது பயம் இல்லை, அருவருப்பு.

"எவ்வளவு கொட்டியிருக்கான் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டரிடம், ஒரு நியாயத்தை எடுத்துச் சொல்வதுபோல். "ஊத்தறேன், ஊத்தறேன், அசையவே இல்ல. கொண்டு போன அசிட்டோன் தீர்ந்து, கடைக்கு ஓடி மறுபடி எடுத்துட்டு வந்தேன். அப்பவும் ஓரத்துலதான் இளகிச்சு. மேல போய்க் காத்து பிடிச்சப்பறம்தான் விட்டிருக்கு. மனுஷன் ஒட்டற ஒட்டா அது?"

"அப்ப என் ஒட்டு நின்னுச்சா மச்சான்?" என்றார் வாத்தியார்.

முகம் மலர்ந்திருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"வாயை மூடுங்க" என்றாள் மனைவி.

"எல்லார் முன்னாலயும் ஒரு தடவை கீழ விழணும்னு நெனச்சேன். அவ்வளவுதான். அங்க ஒருத்தன் நின்னா நான் என்ன பண்ண? அசிங்கமா ஒண்ணை ஒட்டிட்டு வர்றான், அது பறக்குது. எல்லாரும் கை தட்டறான். யாரும் கிட்டப் போய்ப் பார்க்கறதில்ல."

"ஒண்ணு சொல்லு" என்றாள் அவள். "அந்தக் காவலாளி கண்ணு திறக்காம கிடக்கறான். உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என்னை எதுக்கு இவங்ககிட்ட கூட்டிட்டுப் போனே?"

அண்ணன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"அவன் ஒட்டறது சரியில்லன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்க வேண்டாமா?"

வால் தன் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

இன்ஸ்பெக்டர் விரித்திருந்த வாக்குமூலத்தை எடுத்து நாலாக மடித்தார். கான்ஸ்டபிளை அழைத்தார். அண்ணன் தானாகவே நடந்தார். வாசலில் நின்று, கதவுச் சட்டத்தில் ஒட்டுப்போட்டிருந்த ஒரு விரிசலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு இறங்கிப் போனார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்து எழுதத் தொடங்கினார். முந்தின நாள் காலை, வாசல்படி, சத்தம். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார்.

வாத்தியார் உடனே பேனாவை எடுத்தார். "எங்க போடணும் சார்?"

"நகருங்க" என்றாள் மனைவி. "இது நான் போடறது."

பேனாவை வாங்கிக்கொண்டு, அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை முழுசாக ஒரு தடவை படித்தாள். அண்ணனின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, சற்று நேரம் அங்கேயே இருந்தாள்.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.